யாரையாவது தெரியுமா, சார்?

பி.காம். படித்த எந்தப் பையனையும் நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேளுங்கள். கார்லில் அம்மாள் கதையைக் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பான்.

லண்டனில் ஒரு மருந்துக் கம்பெனி. 'எங்கள் புகை உருண்டையைச் சொன்னபடி மூன்று வேளை முகர்ந்தால் இன்ஃப்ளுயன்ஸா வராது. வந்தால் 100 பவுண்டு தருகிறோம்' என்று விளம்பரம் போட்டார்கள். கார்லில் அம்மாள் நம்பி வாங்கி, ஒழுங்காக முகர்ந்தார். ஒழுங்காக ஜுரமும் வந்தது. கம்பெனி கையை விரித்தது. அம்மாள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் 1892-ல் ஜெயித்தார். மெர்கன்டைல் லா பரீட்சைக்குப் போகிறவர்கள் பிள்ளையாருக்கு அடுத்தபடி இந்த அம்மாளைத்தான் நினைத்துக்கொண்டு போவார்கள்.

அடுத்தது மொஹ்ரி பீபி வழக்கு. 1903. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இதுவும் மனப்பாடம்.

சரி, அதே பையனிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். "தம்பி, மைனர் போட்ட கையெழுத்து செல்லாது, ரொம்ப சரி. அந்த மைனரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் லாக்கப்பில் வைக்கலாமா?"

முழிப்பான். "அது சிலபஸ்ல இல்ல சார்" என்பான்.

உண்மைதான். என் சிலபஸிலும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆன லண்டன் ஜுரத்துக்கு இருந்த இடம், மந்தைவெளிப் பையனுக்கு இல்லாமல் போய்விட்டது. மந்தைவெளி என்று ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

* * *

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மொத்தம் 12 வீடு. ஒரு சி.ஏ., மூன்று இன்ஜினீயர்கள், ரிட்டயர்டான சென்ட்ரல் கவர்ன்மென்ட் மாமா ஒருவர், விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய அம்மணி ஒருவர். எல்லோருடைய பட்டங்களையும் வரிசையாக எழுதினால் லஸ் கார்னர் வரைக்கும் வரும்.

ஒரு சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரியின் செல்போனைக் காணவில்லை. அன்றைக்கு மாடி ஏறியவர்கள் யார் யார் என்று ஒரு கமிட்டி விசாரித்தது. கூரியர் ஆள், கேபிள் ஆள், தண்ணீர் கேன் போடும் பையன். மூன்று பேரில் பையன்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். வயது 17. அவன் அம்மா இதே கட்டடத்தில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அரை மணி நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து, "சும்மா விசாரணைக்கு" என்று பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். 12 வீடும் கதவைத் திறந்து ஆலோசனை சொன்னது.

ரிட்டயர்ட் மாமா: "அழாதேம்மா. ரெண்டு தட்டு தட்டிட்டு அனுப்பிடுவா. நாம போனாத்தான் வம்பு."

சி.ஏ.: "ஸ்டேஷன்ல உனக்கு யாரையாவது தெரியுமா?"

இன்ஜினீயர் நம்பர் ஒன்று: "என் சகலையோட ஃபிரெண்டு ஒருத்தர் கமிஷனர் ஆபீஸ்ல இருக்கார். ஆனா பாருங்க, இப்ப லீவுல திருச்செந்தூர் போயிருக்கார்."

இந்த 'யாரையாவது தெரியுமா' இருக்கிறதே, இதுதான் நம் மிடில் கிளாஸின் குலதெய்வ மந்திரம். தி.நகர் ஸ்கூலில் எல்.கே.ஜி. அட்மிஷனா? யாரையாவது தெரியுமா? ஆஸ்பத்திரியில் பெட் வேண்டுமா? யாரையாவது தெரியுமா? சட்டம் என்ன சொல்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் வருவதில்லை. நமக்கு ஒரு சகலை இருக்கிறார், சகலைக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். காரியம் முடிந்துவிடுகிறது.

பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு யாரைத் தெரியும்? நம்மைத் தெரியும். நாம்தான் மாடிப்படியில் நின்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தோமே!

அப்போதுதான் அந்த அம்மாவின் தங்கச்சி வந்தார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். 32 வயது. திண்டிவனம் பக்கத்து கிராமம். அக்காவை அழாமல் இருக்கச் சொன்னார். "அவன் டென்த் மார்க் ஷீட்டு ஜெராக்ஸ் எங்கக்கா? எடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், வண்டி எடுங்க" என்றார். எடுத்தேன்.

* * *

தென் சென்னையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். எது என்று கேட்காதீர்கள். எனக்கும் பாஸ்போர்ட் ரின்யூவல் இருக்கிறது.

"சார், எங்கக்கா பையனைக் கூட்டியாந்திருக்கீங்க. என்ன கேஸுன்னு சொல்லுங்க சார்."

"கேஸெல்லாம் இல்லம்மா. சும்மா விசாரணை."

"கேஸு இல்லைன்னா அனுப்பிடுங்க சார். கேஸு இருந்தா என்னான்னு எழுதிக் குடுங்க. அவனுக்குப் பதினேழு வயசு. இதோ மார்க் ஷீட்டு, பொறந்த தேதி போட்டிருக்கு. பதினெட்டு ஆகாத பசங்களை லாக்கப்புல வைக்கக் கூடாது. அவங்களுக்குன்னு தனியா ஒரு ஆபீசர் இருக்கணுமே, அவர் யாரு சார்? நான் அவர்கிட்ட பேசறேன்."

சத்தம் போடவில்லை. அழவில்லை. காலில் விழவில்லை. சட்டைக்கு எட்டு ரூபாய், புடவைக்கு இருபது ரூபாய் என்று சொல்கிற அதே குரல். ஸ்டேஷனில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இங்க வந்து லா பாயின்ட் பேசறியா? என்ன படிச்சிருக்கே?"

"எட்டாவது சார்."

அவர் பார்வை என் மேல் திரும்பியது. "சார் என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"ஓகோ" என்றார். அந்த 'ஓகோ'வை இன்றைக்கும் என்னால் டிரான்ஸ்லேட் பண்ண முடியவில்லை.

அவரையும் குறை சொல்லக் கூடாது. மனிதர் யோசித்தார், உள்ளே போனார். கால் மணி நேரத்தில் பையன் வெளியே வந்தான். ஒரு காதைத் தடவிக்கொண்டு வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டு (போடுவதற்கு முன் முழுசாகப் படித்துவிட்டு) அழைத்து வந்தார்.

மறுநாள் காலை செல்போன் கிடைத்தது. செக்ரட்டரியின் ஸ்கூட்டர் டிக்கியில், மாடவீதியில் வாங்கின வெண்டைக்காய்க்கு அடியில், சைலன்ட் மோடில்.

* * *

சிரிக்கலாம். ஆனால் இந்த மாதிரி அற்ப விஷயத்தில் ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே நகை காணோம் என்ற புகாரில் விசாரணைக்குப் போன கோயில் காவலாளி திரும்பவில்லை. 'அவர்களுக்குச் சட்டம் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள்' என்று நான் சொல்ல வரவில்லை. அது அபத்தம். சட்டத்தை மதிக்க வேண்டிய பொறுப்பு முதலில் யூனிஃபார்முக்குத்தான். ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தால், ஓங்கிய கை கொஞ்சமாவது யோசிக்கும். அந்தக் 'கொஞ்சம்'தான் ஒரு பையனின் காதுக்கும் உயிருக்கும் நடுவே இருக்கிற தூரம்.

அப்படிக் கேட்க இவர் எங்கே கற்றுக்கொண்டார்? இஸ்திரிக்குத் துணி போடும் சாக்கில் விசாரித்தேன்.

"ஊர்ல கவர்ன்மென்ட் ஸ்கூல் சார். ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் மனித உரிமைன்னு தனியா ஒரு புக்கு. டீச்சர் பாடம் நடத்திட்டு நாடகம் போட வெப்பாங்க. நான் உயரமா இருப்பேனா, எப்பவும் எனக்குப் போலீஸ் வேஷம்தான்!"

ஆஹா! எதிராளியின் வசனம் முழுக்க அத்துப்படி.

இந்த வகுப்புகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1995 முதல் 2004 வரையிலான பத்து வருஷத்தை மனித உரிமைக் கல்விக்கான பத்தாண்டாக அறிவித்தது. அதை ஒட்டி மதுரையில் இருக்கும் மக்கள் கண்காணிப்பகம் என்ற அமைப்பு, மனித உரிமைக் கல்வி நிறுவனம் என்று ஒன்றை ஏற்படுத்தி, 1997-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தப் பாடத்தை ஆரம்பித்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஜாதி, குழந்தைத் தொழில், பெண் குழந்தை, போலீஸ் எல்லாம் பாடம். பிறகு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் கல்வித் துறைப் பேராசிரியையான மோனிஷா பஜாஜ் இதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து 2012-ல் ஒரு புத்தகமே எழுதினார். பாடம் படித்த பிள்ளைகள் பரீட்சை எழுதியதோடு நிற்கவில்லை, வீட்டிலும் தெருவிலும் நடக்கிற அநியாயங்களில் தலையிட ஆரம்பித்தார்கள் என்பது அவர் கண்டதில் முக்கியமான விஷயம்.

நம்மில் பலருக்கு இங்கேதான் வயிற்றைக் கலக்கும். 'உரிமை உரிமைன்னு சொல்லிக்குடுத்தா பசங்க எதிர்த்துப் பேசுமே சார்!' பேசும். பேசத்தான் வேண்டும். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இதைப் பாடமாக நடத்துகிற வாத்தியார் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நடத்த முடியாது. மனித உரிமைப் பாடத்தில் முதல் பரீட்சை வாத்தியாருக்குத்தான்.

* * *

'சட்டம் இருக்கிறதே, போதாதா' என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த ஸ்டேஷன் சுவரில் ஒரு போர்டு இருந்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். நேரமும் தேதியும் போட்டு மெமோ எழுதி, குடும்பத்தாரோ அக்கம்பக்கத்துப் பெரிய மனிதரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. இது எப்படி வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் மரணச் செய்திகளைப் பேப்பரில் படித்துவிட்டு 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. 11 கட்டளைகள். எல்லா ஸ்டேஷனிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் உத்தரவு.

எழுதி வைத்தார்கள். அதன் கீழே காலண்டரையும் மாட்டி வைத்தார்கள். போர்டு தானாக வாய் திறந்து பேசாது. படிக்கிற ஆள் வேண்டும், படித்ததைக் கேட்கிற ஆள் வேண்டும்.

இதை நமக்கு முன்னால் புரிந்துகொண்ட ஒரு அம்மாள் பக்கத்திலேயே இருந்தார். மந்தைவெளியில் 29சி பஸ் பிடித்தால் பத்து நிமிஷத்தில் (டிராஃபிக் இருந்தால் நாற்பது) அடையாறு. அங்கே பெசன்ட் அவென்யூவில் அவ்வை இல்லம். தினமும் அந்தப் பக்கம் ஆபீஸ் போகிறவர்கள் போர்டைப் பார்த்திருப்பீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தது. ராஜா சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர், பிறகு சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். ஒரே ஒரு பெண்ணுக்கு வகுப்பில் இடம் கொடுத்ததற்கு எத்தனை வட்டி கிடைத்தது பாருங்கள். (பி.காம். புத்தி, வட்டிக் கணக்கு தானாக வருகிறது.)

ஆனால் கதையின் முக்கியமான இடம் சட்டசபை இல்லை, அவர் வீட்டு வாசல். பொட்டுக் கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகள் 1930-ல் அவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். தங்கிப் படிக்க இடம் தேடினால், ஊரில் இருந்த ஹாஸ்டல்கள் 'இந்தக் குலத்துப் பெண்களா?' என்று கையை விரித்தன. அப்போது ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்த சட்டம் முழுசாக வந்தது 1947-ல். அதுவரை அந்தப் பெண்கள் காத்திருந்தால் பாட்டியாகியிருப்பார்கள். சட்டம் பழைய கதவை மூடும். போவதற்கு வேறு கதவு வேண்டாமா? அது பள்ளிக்கூடம்தான் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கும் முன்னால், 1894-ல், அதே அடையாறு பக்கம் கர்னல் ஆல்காட் ஒரு இலவசப் பள்ளி ஆரம்பித்தார். மற்றப் பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திவைத்த பிள்ளைகளுக்காக. பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரில் இருக்கும் பள்ளியின் ஆரம்பம் அதுதான். தீண்டாமை குற்றம் என்று அரசியல் சட்டம் சொன்னது 1950-ல். சட்டம் வருவதற்கு 56 வருஷம் முன்பே சிலேட்டு வந்துவிட்டது.

* * *

அதே 29சி போகிற வழியிலேயே கிரீன்வேஸ் ரோடு பிரிகிறது. இப்போதைய பெயர் பி.எஸ்.குமாரசாமி ராஜா சாலை. மந்திரிகள் பங்களா இருக்கிற ரோடு என்று தெரியும். அங்கேதான் 143-ம் எண்ணில் 'திருவரங்கம்' என்ற கட்டடத்தில் மாநில மனித உரிமைகள் ஆணையம் இருக்கிறது. ஆணையம் ஆரம்பித்தது 1997-ல். எட்டாவது பாடப் புத்தகமும் அதே வருஷம்தான் ஆரம்பித்தது. பாடப் புத்தகம் இல்லாவிட்டால் இந்தக் கட்டடம் இருப்பது யாருக்குத் தெரியும்? எங்கள் 12 வீட்டில் கேட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் எம்.ஜி.ஆர். ஜானகி காலேஜ் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே, இந்த வார வீட்டுப் பாடம். பர்ஸில் எல்.ஐ.சி. ஏஜென்ட் கார்டுக்குப் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டம், 22-வது பிரிவு. (தடுப்புக் காவல் சட்டங்களுக்கு மட்டும் கணக்கு வேறு.)

18 வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறுவர்களுக்கான போலீஸ் அதிகாரி வசம்தான் இருக்க வேண்டும். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம்.

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஒரே மூச்சில் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை. பெண்களையும், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்பதும் உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானக் கணக்கே கிடையாது.

கிரீன்வேஸ் ரோடு ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஓரத்தில் வைத்துவிட முடியாது, அது கட்டுப்படுத்தும் என்று சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது.

இவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. பி.காம்.காரர்களுக்கும் புரியும். 'எனக்கெதற்கு, எனக்குத்தான் ஆள் இருக்கிறாரே' என்கிறீர்களா? ஆள் எப்போது வேண்டுமானாலும் திருச்செந்தூர் போவார். 22-வது பிரிவு லீவு எடுக்காது.

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறீர்கள். காது சரியாகிவிட்டது. அவனிடம் யாரும் இதுவரை ஸாரி சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் பதினோரு வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். செக்ரட்டரி மட்டும் தினமும் நாலாவது மாடிக்குத் தானே தூக்கிக்கொண்டு போகிறார்.

கேட்டேன். "அது என் உரிமை சார்" என்றான். சித்தி வளர்ப்பு.